குளிருக்கு ஓர் ஒத்திகை

ஜூலை 6

தம்பிக்கு,

“அன்புள்ள” என்று எழுதி, அடித்திருக்கிறேன். அடித்தது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் புதுத் தாள் எடுக்கவில்லை.

பெரியம்மா வீட்டு விருந்தில் நீ பேசியதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. உன் மாமா எவ்வளவு ஆசையாகச் சொன்னார்! “அக்டோபர்ல நாங்க ரெண்டு பேரும் வடக்கே அந்தத் தீவு நாட்டுக்குப் போறோம்” என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, நீ வாயில் சாப்பாட்டோடு ஆரம்பித்தாய். “மாமா, உங்களுக்கு மட்டும் ரிட்டர்ன் டிக்கெட் போடுங்க. அக்காவுக்குப் போற டிக்கெட் போதும். ரெண்டு படி ஏறினாலே இளைக்கிறவ, பனிக்குள்ள போய் எப்படி மூச்சு விடுவா?” மேசை முழுக்கச் சிரித்தது. தட்டை வைத்துவிட்டு எழுந்து போனேன். வாசல்வரைகூட நீ வரவில்லை.

சமாதானத்துக்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ எங்கே நான் சொல்வதைக் கேட்கிறாய்? என் இளைப்பைத்தான் கேட்கிறாய். “என்ன, இன்னைக்கு மூச்சு இழுக்குதா? மருந்து அடிச்சியா?” என்று நடுவில் வெட்டுவாய். எதற்குக் கூப்பிட்டேன் என்பதே எனக்கு மறந்துபோகும். காகிதம் இளைக்காது. எழுதியிருப்பதை மட்டும் படி.

நெஞ்சு டாக்டரிடம் தீவைப் பற்றிக் கேட்டேன். “மருந்தை ஒழுங்கா எடுத்தா தாராளமா போகலாம்மா. ஆனா குளிர்காத்து சில பேருக்கு ஒத்துக்காது. போன இடத்துல தெரிஞ்சுக்கிறதுக்கு இங்கயே எங்கயாவது குளிர்ல நின்னு பாத்துட்டு டிக்கெட் போடுங்க” என்றார். இந்த வெயிலில் குளிருக்கு எங்கே போவது? எனக்குத் தெரிந்து குளிரைக் கட்டி ஆள்கிறவன் ஒருவன்தான். நீ மேலாளராக இருக்கும் கிடங்கில் ஆப்பிளும் மீனும் மாதக்கணக்கில் நிற்கின்றன, நான் கொஞ்ச நேரம் நிற்கக் கூடாதா? தம்பியிடம் கேட்கவில்லை. குளிர்பதனக் கிடங்கு மேலாளரிடம் ஒரு பொதுஜனம் கேட்கிறது.

அந்தத் தீவைப் பற்றி உனக்கு ஒரு மண்ணும் தெரியாது, அதனால் சொல்கிறேன். அங்கே எரிமலையும் பனிமலையும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். கடற்கரை மணல் கறுப்பு. அருவிக்குப் பின்பக்கமாக நடந்து போகலாம். தலையில் பனி விழுந்துகொண்டிருக்க, வெந்நீர்க் குளத்தில் கழுத்துவரை உட்காரலாம். இருட்டின பிறகு வானத்தில் பச்சை ஒளி திரைச்சீலை மாதிரி அசையுமாம். ஊரில் உள்ளவர்களை எல்லாம் மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டு பஸ் ஏற்றிவிட்டவள் நான். எனக்கும் ஒரு தடவை ஏறத் தோன்றாதா?

பதில் போடு.

அக்கா

*

ஜூலை 13

அக்காவுக்கு,

நான் “அன்புள்ள” போடவே இல்லை. அதனால் அடிக்கிற வேலையும் இல்லை.

நான் சொன்னது ஜோக். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், நான் பார்த்தேன். ஊருக்கே பல்செட் கட்டிக் கொடுக்கிறவர், தன் பல்லைக் காட்டாமல் சிரிப்பாரா? நீ மட்டும் மூக்குக்கு மேல் கோபத்தை வைத்துக்கொண்டு எழுந்து போனால் நான் என்ன செய்வது? வாசலுக்கு வந்தேன். நீ ஆட்டோவில் ஏறிவிட்டாய்.

கிடங்குக்குள் வெளியாள் வரக் கூடாது. சட்டம். உள்ளே வேலை செய்கிறவர்களே மாற்றி மாற்றித்தான் நிற்கிறார்கள். உள்ளே போனால் போன் எடுக்காது. கதவு இரண்டு சாண் தடிமன். நல்ல நுரையீரல் இருக்கிறவனே வெளியே வந்து தரையில் உட்கார்ந்துவிடுகிறான். ஆழம் தெரியாமல் காலை விடாதே.

அவ்வளவு ஆசையாக இருந்தால் கோடையில் போ. மலையும் அருவியும் கோடையில் ஓடியா போகும்? அந்தப் பச்சை விளக்கைப் படத்தில் பார்த்துக்கொள். இல்லை, குளிர்தான் வேண்டும் என்றால் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளே விட்டு நில். டாக்டருக்கும் திருப்தி, கரண்ட்காரனுக்கும் திருப்தி.

தம்பி

பி.கு.: மருந்து ஒழுங்காக எடுக்கிறாயா?

*

ஜூலை 20

தம்பிக்கு,

ஃபிரிட்ஜைத் திறந்து தலையை விட்டுப் பார்த்தேன். நீ கிண்டலாகத்தான் எழுதினாய், தெரியும். உன் மாமா அதைப் படித்துவிட்டு, “உன் தம்பி சொல்றதுலயும் ஒரு பாயிண்ட் இருக்கு” என்று ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். மேல் கதவைத் திறந்து, பட்டாணிப் பொட்டலத்தை நகர்த்திவிட்டு, முகத்தை உள்ளே வைத்து உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் நின்று, “பல்லு தந்தியடிக்குதா? அடிச்சா சொல்லு, புதுசு கட்டித் தரேன்” என்கிறார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை கேட்டு வந்துவிட்டாள். என்னத்தைச் சொல்வது? சர்க்கரையை வாங்கிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

சிரித்தாயா? சிரித்திருப்பாய். இப்போது சிரிக்காமல் படி.

போன மாதம் பஸ் நிலையத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லவில்லை. கிழக்கே போகிற வண்டியை அறிவித்துக்கொண்டிருந்தேன். “மூன்றாவது நடைமேடையிலிருந்து” என்று சொல்லும்போதே மூச்சு முட்டிவிட்டது. கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன், கீழே அத்தனை பேரும் தலையைத் தூக்கி ஒலிபெருக்கியையே பார்க்கிறார்கள். அடுத்த சொல் வரவில்லை. கடைசியில் அந்த வண்டி டிரைவரே படியேறி வந்து மைக்கை வாங்கி மிச்சத்தைச் சொன்னார். என்னை ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனுஷன். ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால், இதற்கு மூச்சு போதுமா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். படியைப் பார்த்தாலும் அதே யோசனை. சிரிப்பு வந்தாலும் அதே யோசனை. அலுத்துவிட்டதடா. எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாது என்று என் நெஞ்சுக்குள் ஓர் அதிகாரி உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். அந்த ஆளிடம் கேட்காமல் ஒரு காரியம், ஒரே ஒரு காரியம் செய்ய வேண்டும் எனக்கு.

கோடையில் அங்கே இருட்டே வராது, அதனால் ஒளியும் தெரியாது. நான் பார்க்க ஆசைப்பட்டது அதைத்தான்.

உன்னால் முடியாது என்றால் சொல்லிவிடு. சந்தைக்குப் பின்னால் ஐஸ் கம்பெனி ஒன்று இருக்கிறது. அங்கே போய்க் கேட்கிறேன். அவர்கள் என் தம்பி இல்லை, அதனால் ஒருவேளை உதவி செய்வார்கள்.

அக்கா

*

ஜூலை 25

அக்கா,

ஐஸ் கம்பெனிக்கெல்லாம் போகாதே. அவன் அம்மோனியா குழாயை ஒட்டுப்போட்டு ஓட்டுகிறான், அந்த வாயு கசிந்தால் உன் நெஞ்சு தாங்காது.

அடுத்த ஞாயிறு வா. முதலாளியிடம் கேட்டுவிட்டேன். “உங்க அக்காவா? மைக்ல பேசுவாங்களே, அவங்களா? தாராளமா வரட்டும்” என்றார். உனக்கு இருக்கிற செல்வாக்கு எனக்கு இந்தக் கிடங்கில் இல்லை.

மாமாவையும் கூட்டிக்கொண்டு வா. கம்பளி, மஃப்ளர், காலுறை எல்லாம் போட்டுக்கொள். இன்ஹேலரைக் கைப்பையில் வைக்காதே, உடம்போடு ஒட்டி உள்ளே வை. குளிரில் அது சரியாகப் பீய்ச்சாது. நான் சொன்னால் உடனே வெளியே வர வேண்டும். வாதம் செய்யக் கூடாது.

பஸ் நிலையத்து விஷயத்தை நீ சொல்லியிருக்கலாம்.

தம்பி

*

ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

அடிக்கவில்லை, பார்த்தாயா?

தேறிவிட்டேன்! வீடு வந்து சேர்ந்தும் கால் தரையில் நிற்கவில்லை. நீ கதவைத் திறந்தபோது உன் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன், உண்மை. காலியாக இருந்ததால் அந்த அறை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. “சரக்கு நாளைக்குத்தான் வருது, ஆனா ஆப்பிள் ரூம் குளிர் இதுதான்” என்று நீ சொன்னாய். உள்ளே போய் நின்றேன். நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்! இளைப்பு இல்லை, இருமல் இல்லை, ஒன்றும் இல்லை. உன் மாமாகூட, “இவ்வளவுதானா குளிர்?” என்று மஃப்ளரைக் கழற்றினார்.

பாவம், உன் ஆள் அந்த நெட்டைதான் அப்படி நடுங்கினான். கையைத் தேய்ப்பதும், பல்லைக் கடகடவென்று ஆட்டுவதும், “அம்மா, தாங்க முடியலம்மா” என்று முனகுவதுமாக இருந்தான். நெற்றியெல்லாம் வியர்த்துக்கூடப் போயிருந்தது அந்தப் பிள்ளைக்கு. நீ அவனுக்கு நல்ல கோட்டாக வாங்கிக் கொடு.

உன் மாமா வழிப் படம் போட ஆரம்பித்துவிட்டார். தீவைச் சுற்றி ஒரே சாலை. அதில் போய்க்கொண்டே இருந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம், தொலைந்துபோக வழியே இல்லை என்கிறார். அவர் தொலைந்துபோவார், நான் பந்தயம் கட்டுகிறேன். டிக்கெட் அடுத்த வாரம் போடுகிறோம்.

நீ ஏன் அன்று பாதியில் வெளியே போனாய்? டீகூடக் குடிக்கவில்லை.

அக்கா

*

ஆகஸ்ட் 7

அக்கா,

சந்தோஷம்.

டிக்கெட்டுக்கு என்ன அவசரம்? இன்னும் நாள் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும் என்கிறார்கள். டாக்டரை இன்னொரு தடவை பார். அடுத்த வருஷம் கோடைக்குத் தள்ளி வைத்தால் இன்னும் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. மாமாவிடம் தனியாகப் பேசலாம் என்று இருக்கிறேன்.

நெட்டைக்குக் கோட்டு இருக்கிறது.

தம்பி

*

ஆகஸ்ட் 14

மேலாளர் அவர்களுக்கு,

பயணிகளின் கனிவான கவனத்திற்கு: குட்டு வெளிப்பட்டுவிட்டது.

நேற்றுச் சாயங்காலம் உன் மாமா அந்தத் தீவைப் பற்றி ஒரு வீடியோ போட்டார். ஒரு பெண் அருவி முன்னால் நின்று பேசுகிறாள், ஒவ்வொரு சொல்லுக்கும் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வருகிறது. அவர் சட்டென்று நிறுத்தினார். “ஏம்மா, கிடங்குல நம்ம வாயிலேர்ந்து இந்த மாதிரி புகை வந்துச்சா?” என்றார். வரவில்லை. எனக்கும் வரவில்லை, அவருக்கும் வரவில்லை. அந்தக் கணமே நெட்டையின் நெற்றி ஞாபகம் வந்தது. எந்த ஊரிலடா குளிரில் நடுங்குகிறவனுக்கு வியர்க்கும்?

இன்று காலையில் கிடங்குக்குப் போன் போட்டேன். நெட்டைதான் எடுத்தான். ஒரு அதட்டல்தான் போட்டேன், பையன் கொட்டிவிட்டான். “அம்மா, அது கழுவறதுக்கு மெஷினை நிறுத்தி வெச்சிருந்த ரூமும்மா. அண்ணன்தான் நடிக்கச் சொன்னாரு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாய். நான் அங்கே கையை விரித்துக்கொண்டு, தேறிவிட்டேன் தேறிவிட்டேன் என்று குதித்தபோது நீங்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டீர்களா? விருந்தில் நீ என்னைக் கேலி செய்ததைக்கூட மன்னிப்பேன். இதை எப்படி மன்னிப்பது? அங்கே போய், ஆளில்லாத சாலையில் மூச்சு முட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன்? யோசித்தாயா?

நல்ல வேளை, டிக்கெட் போடவில்லை. கார்டு வேலை செய்யவில்லை என்று உன் மாமா தள்ளிப்போட்டிருந்தார்.

காரணம் சொல். ஜோக் என்று மட்டும் எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

*

ஆகஸ்ட் 19

அக்கா,

ஜோக் இல்லை.

நான் மூணாம் கிளாஸ் படிக்கும்போது, வீட்டில் பெரியவர்கள் இல்லாத அன்றைக்கு உனக்கு இழுத்துக்கொண்டதே, ஞாபகம் இருக்கிறதா? “டாக்டரைக் கூப்பிடு” என்று கையைக் காட்டினாய். ஓடினேன். அவர் வீடு பூட்டியிருந்தது. வெறுங்கையோடு திரும்பி வருகிறேன், நீ சுவரில் சாய்ந்து கிடக்கிறாய், உதடு நீலமாக. பக்கத்து வீட்டு மாமி வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நீ பிழைத்துவிட்டாய், பத்தாம் நாள் பள்ளிக்கூடம் போய்விட்டாய். நான் அந்தச் சுவர் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். இன்னும் அங்கேதான் நிற்கிறேன். நீ போனில் “ஹலோ” சொன்னால் நான் முதலில் கேட்பது சொல்லை இல்லை என்று எழுதியிருந்தாயே, உண்மைதான். எனக்கு வேறு மாதிரிக் கேட்கத் தெரியாது.

விருந்தில் அப்படிப் பேசியதும் அதனால்தான். நாலு பேர் சிரித்தால் நீ வெட்கப்பட்டுப் போகாமல் இருந்துவிடுவாய் என்று நினைத்தேன். நாறின வாய் என்னுடையது.

பிறகு உன் பஸ் நிலையத்துக் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு உன்னை வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை, நிஜக் குளிரில் நிறுத்தவும் தைரியம் வரவில்லை. நீ என் கண் முன்னால் விழுந்தால் அந்தக் கதவை நான் இனிமேல் எப்படித் திறப்பேன்? அதனால் மெஷின் ஓடாத அறையில் உன்னை நிறுத்தினேன். நீ ஒரு நாள் சந்தோஷமாக இருக்கட்டும், அதற்குள் மாமாவிடம் பேசிக் கோடைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். நீ குதித்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. நெட்டை அழுதுவிட்டான். நான் வெளியே போய்விட்டேன். டீ குடிக்காதது அதனால்தான்.

தப்புதான். திட்டு. ஆனால் மறுபடி வருகிறேன் என்று மட்டும் சொல்லாதே.

தம்பி

*

ஆகஸ்ட் 23

தம்பி,

மறுபடி வருகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் போய்விட்டது. இரண்டாம் தடவை அழுதேன். உதடு நீலமானது எனக்கு ஞாபகமே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு கிடைத்ததுதான் ஞாபகம் இருக்கிறது. ஏண்டா, இதை இத்தனை வருஷம் தனியாகவா சுமந்தாய்?

ஆனால் ஒன்று. அன்று எனக்கு இன்ஹேலர் என்றால் என்னவென்றே தெரியாது. இன்று தெரியும். மூச்சு முட்டுவதற்கு முன்னால் தோளுக்கு நடுவே ஒரு இறுக்கம் வரும், அதுவும் தெரியும். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் நாடகத்தையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தினமும் எடுக்கும் மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார். மூக்கை மஃப்ளரால் மூடிக்கொண்டு போ, கொஞ்ச நேரம் நில், தைரியமாகப் பார் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை. நிஜமான ஆப்பிள் அறை. ஆப்பிள் இருக்க வேண்டும், எண்ணிப் பார்ப்பேன். நெட்டை நடிக்கக் கூடாது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அதனால் நீ கதவுக்கு வெளியே நில்.

அக்கா

*

ஆகஸ்ட் 31

அன்புள்ள அக்கா,

நீ பஸ் ஏறிப் போனதும் எழுத உட்கார்ந்தேன். தேதிக்கு மேல் ஓடவில்லை, இன்று எழுதுகிறேன்.

வெளியே நிற்கச் சொன்னாய், நான் நிற்கவில்லை. அதற்கு மன்னித்துக்கொள். ஆப்பிள் அறையில் நீ பெட்டிகளுக்கு நடுவில் நடந்து, ஏதோ கடைக்கு வந்த மாதிரி, “இது எந்த ஊர் ஆப்பிள்? இதைக் கிலோ என்னன்னு விக்கிறீங்க?” என்று நெட்டையிடம் கேட்டபோதே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. அத்தோடு வெளியே வந்திருக்கலாம். அடம்பிடிப்பதில் நீ அப்பாவை உரித்து வைத்திருக்கிறாய். “மீன் ரூம் எது?” என்றாய்.

மீன் அறையில் மஃப்ளரை ஏன் இறக்கினாய் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. நீ தோளைத் தூக்கினதைப் பார்த்ததும் அபாய மணியை அழுத்தப் போனேன். நீ உள்ளங்கையைக் காட்டி, நில் என்றாய். கம்பளிக்குள் கையை விட்டு இன்ஹேலரை எடுத்து, குலுக்கி, வாயில் வைத்து அழுத்தி, மூச்சைப் பிடித்தாய். பிறகு இன்னொரு தடவை. யாரும் பிடிக்காமல் நீயே நடந்து வெளியே வந்து, காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாய். நான் முன்னால் குந்தி உட்கார்ந்து உன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சிவப்பாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நீ, “என்னடா முறைச்சுப் பாக்கறே? டீ எங்க?” என்றாய்.

அக்கா, வயிற்றில் பாலை வார்த்தாய். இத்தனை வருஷமும் நீ மூச்சு இழுக்கும்போதெல்லாம் நானும் கூடவே இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. அன்றுதான் விட்டேன். விட்டதும் அழுகை வந்துவிட்டது. மாமா முதுகில் தட்டி, “அழு, அழு, பல்லை மட்டும் கடிக்காதே” என்றார். நெட்டை எல்லாருக்கும் டீ வாங்கி வந்தான். நான் இரண்டு டம்ளர் குடித்தேன்.

உனக்கு இழுக்காது என்று எனக்குத் தெரிந்தால்தான் நிம்மதி என்று நினைத்திருந்தேன். இழுத்தது. ஆனாலும் நிம்மதியாக இருக்கிறது. எப்படி என்று தெரியவில்லை.

போய்விட்டு வா. அக்டோபரிலேயே போ.

உன் தம்பி

*

செப்டம்பர் 9

அன்புள்ள தம்பிக்கு,

டிக்கெட் போட்டாயிற்று! இரண்டு பேருக்கும் ரிட்டர்ன். கார்டு இந்தத் தடவை வேலை செய்தது. டாக்டர், “மீன் ரூம்ல நின்னீங்களா? நான் எங்கம்மா நிக்கச் சொன்னேன்?” என்று காய்ச்சி எடுத்துவிட்டார். பிறகு போகலாம் என்று எழுதியே கொடுத்தார். வெந்நீர் ஊற்றுப் பக்கம் கந்தக வாடை அடிக்கும், அங்கே மட்டும் அதிக நேரம் நிற்காதே என்றார்.

மஃப்ளரை ஏன் இறக்கினேன் என்று கேட்டாயே. மூடிக்கொண்டே வெளியே வந்திருந்தால், வராமல் தப்பித்தேன் என்றுதான் தெரிந்திருக்கும். வந்தால் என்ன செய்வேன் என்று தெரிந்திருக்காது. வரட்டும் என்று கூப்பிட்டேன். வந்தது, பார்த்தேன், போயிற்று. அதற்குள் நீ உன் மீசையில் பனியோடு மணியைப் பார்த்து ஓடுகிறாய்! எனக்குச் சிரிப்பு வந்து, அதனால்தான் இரண்டாம் தடவை அழுத்த வேண்டியதாயிற்று.

இங்கே வீடு தீவாகிவிட்டது. அங்கே காற்று கார் கதவையே பிய்த்துக்கொண்டு போகுமாம், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டுமாம். உன் மாமா இப்போதே பழகுகிறார். இலைகூட அசையாத தெருவில் கதவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். பக்கத்து வீட்டுக்காரி பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு ஃபிரிட்ஜ் கதையே இன்னும் தீரவில்லை. வழியில் எந்த ஊரில் தங்குவது என்று தினமும் சண்டை. அவருக்கு அருவிப் பக்கம் வேண்டும். எனக்குக் கடல் பக்கம், பனிக்கட்டிகள் மிதந்து கரை ஒதுங்கும் இடத்தில் வேண்டும். நான்தான் ஜெயிப்பேன்.

நீயும் வாயேன். முதலாளியிடம் நான் மைக்கில் பேசுகிற குரலில் கேட்கிறேன்.

அக்கா

*

செப்டம்பர் 16

அன்புள்ள அக்கா,

வருஷம் முழுக்கக் குளிரிலேயே நிற்கிறவனை லீவு போட்டுக்கொண்டு குளிரில் நிற்கக் கூப்பிடுகிறாயே, நியாயமா? நீ அடுத்து ஏதாவது வெயில் தீவுக்குப் போனால் சொல், மூட்டையைக் கட்டுகிறேன்.

நெட்டை தன் கோட்டை உனக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறான். அவனுக்குப் புதுசு கிடைத்துவிட்டது. முழங்கால் வரை வரும், காற்று உள்ளே போகாது. பார்க்க நன்றாக இருக்காது. போட்டுக்கொள். உள்பக்கம் ஒரு பை தைத்துக் கொடுத்திருக்கிறேன், இன்ஹேலர் நெஞ்சோடு ஒட்டி நிற்கும். தையல் கோணல்தான். என் கை.

கடல் பக்கமே தங்குங்கள். மாமாவிடம் நான் சொன்னேன் என்று சொல்.

தம்பி

*

அக்டோபர் 27

அன்புள்ள தம்பிக்கு,

இங்கிருந்து கடிதம் போட்டால் நாங்கள் ஊருக்கு வந்த பிறகுதான் உனக்குக் கிடைக்கும் என்றார் தபால்காரப் பெண். பரவாயில்லை, எழுதுகிறேன்.

பச்சை ஒளி இன்னும் தெரியவில்லை. வந்ததிலிருந்து மேகம். உன் மாமா அரை மணிக்கொரு தடவை வெளியே போய் வானத்தைத் திட்டிவிட்டு வருகிறார். இன்று காலையில் அருவிக்குப் போனோம். பக்கத்தில் மரப்படி இருந்தது, மேலே வரை. ஏறினோம். மேலே நின்று பார்த்தால் ஆறு வளைந்து வளைந்து கடலுக்குப் போகிறது. இறங்கி வரும்போது வழியில் குதிரைகள், இரட்டைச் சடை போடலாம் போல அவ்வளவு முடி. அதில் ஒன்று உன் மாமாவின் மஃப்ளரைப் பிடித்து இழுத்தது, விடவே இல்லை. ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் குதிரை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். குதிரைக்காரர் ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். மத்தியானம் கறுப்பு மணலில் நடந்தோம். காற்று தள்ளுகிறது, நாங்கள் எதிர்த்துத் தள்ளுகிறோம், ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. நான் பஸ் நிலையத்துக் குரலில் கத்திக் கத்தித்தான் பேசினேன். அவர் பாதி தூரத்தில் வழி தவறினார், அதையும் எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் சூப் குடிக்கும்போது அவர் கேட்டார்: “இன்னைக்கு உன் மூச்சு எப்படி இருந்துச்சு?”

“எந்த மூச்சு?” என்றேன்.

வம்புக்குச் சொல்லவில்லை, தம்பி. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அதற்கப்புறம்தான் எனக்கே உறைத்தது. படியேறியிருக்கிறேன், சிரித்திருக்கிறேன், காற்றில் கத்தியிருக்கிறேன். காலையில் மருந்து எடுத்ததோடு சரி, அதன் பிறகு பொழுது முழுக்க அதை நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

உனக்கு இதை முதலில் சொல்ல வேண்டும் என்று சூப் ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

அக்கா